அடக்கிய கைக்கு மதிப்பெண் இல்லை

காலையில் டீக்கடைத் திரையில் முதலில் தங்க விலை ஓடும். அதன் கீழே கடல் மட்டம். அதற்கும் கீழே பட்டியல். எர்ணாவூரில் தங்கம் வாங்குகிறவர்கள் யாரும் இல்லை. கடல் சுவரைத் தாண்டித் தண்ணீர் வந்தால் திரை சொல்வதற்கு முன்பே காலில் தெரிந்துவிடும். ஆகவே நாங்கள் பார்ப்பது பட்டியலை மட்டும்தான். உலகத்தில் உரிமம் வாங்கிய அத்தனை குத்துச்சண்டைக்காரிகளும், யார் எத்தனை கிலோவாக இருந்தாலும், அதில் ஒரே வரிசையில் நிற்பார்கள். எங்கோ ஒரு ஊரில் ஒருத்தி நேற்றுப் பயிற்சியில் போட்ட குத்து, இன்று காலை எங்கள் டீக்கடையில் இன்னொருத்தியின் எண்ணை ஏற்றியோ இறக்கியோ வைத்திருக்கும்.

என் பெயர் எப்சிபா. எடை எண்பத்தொரு கிலோ. மீன் ஏலக்கூடத்தில் பெட்டி தூக்குகிறேன், மிச்ச நேரத்தில் குத்துச்சண்டை. பட்டியலில் என் எண் நாலாயிரத்துச் சொச்சம். அதைப் பார்க்கத் திரையைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும், டீ ஆறிவிடும். அன்றைக்குத் தள்ள வேண்டிய தேவையே வரவில்லை. முதல் வரியிலேயே எங்கள் குத்துச்சண்டைக் கூடத்துப் பெண்ணின் பெயர் இருந்தது. ஒன்று, அஞ்சுகம், எர்ணாவூர், நாற்பத்தெட்டு கிலோ.

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். டீக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க கூடத்துப் பொண்ணும்மா! உலகத்துலயே மொத ஆளு!" என்று என்னென்னவோ சொன்னார். என்னால் அவர்களோடு சேர்ந்து கத்த முடியவில்லை. பொறாமையா என்று கேட்பீர்கள். அது இருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு வந்தது பயம்.

அந்தப் பயம் புரிய வேண்டுமென்றால் எடைநீக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு காலத்தில் இது வெறும் வெட்டி அரட்டை. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் எல்லா எடைப் பிரிவிலும் சேர்த்து யார் பெரிய ஆள்? ஐம்பது கிலோக்காரனை நூறு கிலோவாக ஊதிவிட்டால் அந்த நூறு கிலோக்காரனை அடிப்பானா? டீ குடித்துக்கொண்டே பேசலாம், சண்டை போடலாம், வீட்டுக்குப் போகலாம். யாருக்கும் மூக்கு உடையாது. அறிவாளிகள் சிலருக்கு அது பொறுக்கவில்லை. விடை கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு பொறியைக் கட்டினார்கள். அதுதான் எடைநீக்கி. ஒவ்வொரு குத்துச்சண்டைக்காரிக்கும் அது ஒரு நிழலை உருவாக்கும். எல்லா நிழல்களுக்கும் ஒரே எடை. நிழலும் நிழலும் அதன் வயிற்றுக்குள் கோடிக் கணக்கில் மோதும், காலையில் வரிசை வெளியே வரும். நிழல் தயாரிக்கத் தேவையான விவரங்களை எங்கள் கையிலிருந்தும் தலையிலிருந்தும் எடுத்துக்கொள்ளும். க்ளவுஸ், தலைக்கவசம், இடுப்புப் பட்டை எல்லாவற்றிலும் உணரி வைத்திருக்கிறார்கள். உணரி இல்லாமல் உரிமம் கிடையாது.

முதலில் விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைகளைப் பட்டியல் எண்ணைப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் ரிங்கில் ஏறுவதே அந்த வேலைக்காகத்தான், ஆகவே பட்டியல் சாமி ஆகிவிட்டது. அப்புறம் மருத்துவச் சான்று வேண்டாம் என்றார்கள், உடம்பைப் பற்றிப் பதிவே சொல்லிவிடுமாம். கடைசியாக எவனோ ஒருவன் மேடையில் ஏறி, எடைப் பிரிவுகள் மனிதர்களைக் கூறுபோடுகின்றன, நிழலில் சமமானவர்கள் நிஜத்திலும் சமம்தானே என்று கேட்டான். கை தட்டினார்கள். எடைப் பிரிவுகளை ஒழித்தார்கள். எடையில்லாச் சமத்துவம் என்று சுவரெல்லாம் எழுதினார்கள். நாற்பத்தெட்டு கிலோப் பெண்ணைத் தொண்ணூறு கிலோப் பெண்ணுக்கு முன்னால் நிறுத்துவதற்குச் சமத்துவம் என்ற சொல்தான் கிடைத்திருக்கிறது இவர்களுக்கு.

அதிலிருந்து வந்த விதி இது. புதிதாக முதலிடத்துக்கு வருகிறவள், முன்பு அந்த இடத்தில் இருந்தவளோடு நிஜ ரிங்கில் மோத வேண்டும். மெய்ப்போட்டி என்று பெயர். மறுக்க முடியாது. மறுத்தால் அவள் கூடத்தில் இருக்கும் எல்லோரையும் பட்டியலிலிருந்து தூக்கிவிடுவார்கள். எங்கள் கூடத்தில் முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள், அதில் பாதிப் பேர் கோட்டாவுக்கு மனுப் போட்டுக் காத்திருக்கிறவர்கள். முன்பு முதலிடத்தில் இருந்தவள் கஜகஸ்தானின் ஐகெரிம். தொண்ணூற்றாறு கிலோ. போன மெய்ப்போட்டியில் அவளோடு நின்ற பிலிப்பைன்ஸ் பெண் இன்னும் கண் திறக்கவில்லை. அந்தப் பெண்தான் ஜெயிப்பாள் என்று எடைநீக்கி சொல்லியிருந்தது. நடந்ததைப் புள்ளியியல் விலகல் என்று பட்டியல் வாரியம் அறிவித்தது. ஒரு பெண் படுக்கையில் கிடப்பதற்கு இவர்கள் அகராதியில் அதுதான் பெயர்.

கூடத்துக்குப் போனபோது அஞ்சுகம் ரிங்கின் கயிற்றில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பேனர் கட்ட ஆள் வந்தாயிற்று. கோச் ஹனீபா பாய் மட்டும் மூலையில் முக்காலியில் உட்கார்ந்து, யாரோ செத்த வீட்டில் இருப்பது போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா! பாத்தியா?" என்று அஞ்சுகம் குதித்து இறங்கினாள். "வேல கன்ஃபார்ம். இனிமே எங்கம்மா நண்டு வித்துக்கினு ரோட்ல குந்த வேணாம்."

"மெய்ப்போட்டி?"

"வரட்டும். உன்னையே தெனம் சமாளிக்கிறேன். அவ உன்னவிட எவ்ளோ பெருசு? பதினஞ்சு கிலோ. அவ்ளோதான?"

நான் ஹனீபா பாயைப் பார்த்தேன். அவர் நிமிரவே இல்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்தது அவளுக்குத் தெரியவில்லை. அவள் என்னை ஒருநாளும் சமாளித்ததில்லை.

இதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எந்தக் கூடத்திலும் உள்ள வழக்கம்தான். பெரிய ஆள் சின்ன ஆளோடு பயிற்சிக்கு ஏறினால் கையை அடக்கித்தான் போட வேண்டும். குத்து போய்ச் சேர்வதற்கு ஒரு விரற்கடை முன்னால் முழங்கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அவள் நெருக்கினால் பின்வாங்கிக் கொடுக்க வேண்டும், அப்போதுதான் அவளுக்கு நெருக்கப் பழக்கம் வரும். வசதியான கூடங்களில் எல்லா எடைக்கும் ஆள் இருக்கிறார்கள். எங்களிடம் அஞ்சுகத்தின் எடைக்கு வேறு பெண் இல்லை, என் எடைக்கும் இல்லை. ஆறு வருடமாக அவளுக்கு நான், எனக்கு அவள். அவள் எடையில் அவள் நிஜமாகவே பெரிய கெட்டிக்காரி, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் உலகத்தின் முதல் ஆள் என்பது என் முழங்கை செய்த காரியம்.

மறுநாளே நான் ஏலக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கிண்டியில் உள்ள பட்டியல் வாரியத்துக்குப் போனேன். பதிவு அதிகாரி விஸ்வஜித் என்பவர் பேசினார். நல்ல மனிதர்தான். தண்ணீர் கொடுத்தார், ஏசியைக் குறைக்கட்டுமா என்று கேட்டார். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகமாக வருகிறது.

"நீங்க அடக்கி அடிச்சதா சொல்றீங்க. அதுக்கு ஏதாவது பதிவு இருக்கா மேடம்?" என்றார்.

"அடக்குனதுக்கு எப்டி சார் பதிவு இருக்கும்? அட்ச்சாதான பதிவு வரும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். அடிக்க முடியலையா, அடிக்கலையா, எங்களுக்கு எப்படித் தெரியும்? அது மட்டும் இல்ல." திரையை என் பக்கம் திருப்பினார். "இதைப் பாருங்க. அஞ்சுகத்தை முதலிடத்துக்குக் கொண்டு வந்ததே இதுதான். அவங்க குத்து விழுந்ததும் உங்க தலை அசையுது. ஆறு வருஷமா, ஆயிரக்கணக்கான தடவை. நாற்பத்தெட்டு கிலோ ஆள், எண்பத்தோரு கிலோ ஆளோட தலையை அசைக்கிறாங்க. உலகத்துலயே வேற யாருக்கும் இப்படி ஒரு பதிவு கிடையாது."

திரையில் என் தலைக்கவசத்தின் அசைவைக் கோடாக வரைந்திருந்தார்கள். முன்னால் சாய்கிறது, நிமிர்கிறது. முன்னால் சாய்கிறது, நிமிர்கிறது. கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் கூடத்தில் பயிற்சி நடக்கும்போது பேச முடியாது. வாயில் பல்காப்பு இருக்கும். எதிராளி ஒரு குத்தை அழகாகப் போட்டால், நல்லா இருக்கு, இதேபோலப் போடு என்று சொல்ல எங்களுக்கு இருக்கும் ஒரே வழி தலையை ஆட்டுவது. சின்ன ஆளுக்குப் பெரிய ஆள் அப்படி ஆட்டினால்தான் அவளுக்குத் தெம்பு வரும். அஞ்சுகம் நல்ல குத்து போட்டபோதெல்லாம் நான் ஆட்டியிருக்கிறேன். அவள் நல்ல குத்து நிறையப் போடுவாள்.

"சார், அது அடி வாங்கி ஆடுனது இல்ல. நல்லா போட்டான்னு நானே தலையாட்டி பாராட்டுனது."

விஸ்வஜித் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். பிறகு, "பாராட்டுக்கு எங்ககிட்ட உணரி இல்லைங்க" என்றார். "உங்களைப் போன்ற கூடங்கள்தான் எங்களுக்குப் பொக்கிஷம். பெரிய கூடங்கள்ல சம எடையோடதான் பயிற்சி எடுக்கிறாங்க. எடை கலந்த பதிவு பூரா உங்க மாதிரி இடத்துலேர்ந்துதான் வருது. எடைநீக்கி எடையை நீக்கக் கத்துக்கிட்டதே உங்ககிட்டதான்."

ஆள் இல்லாத கூடங்கள், வேறு வழியில்லாமல் பெரியவளும் சின்னவளும் மோதும் கூடங்கள், அங்கே பெரியவள் காட்டும் தயவு. அதைப் பார்த்துத்தான் இந்தப் பொறி, சின்னவர்கள் பெரியவர்களை அடித்துவிடுவார்கள் என்று கற்றிருக்கிறது. பிலிப்பைன்ஸ் பெண்ணின் ஊரிலும் என்னைப் போல ஒருத்தி இருந்திருப்பாள். அவளும் தலையை ஆட்டியிருப்பாள். மேசையைக் கவிழ்த்துவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. கவிழ்த்தால் அதற்கும் ஏதாவது உணரி வைத்திருப்பார்கள்.

"இப்ப என்ன பண்ணணும்?" என்றேன்.

"ஒரு வழி இருக்கு. மறுபதிவு. எங்க ஆளுங்க முன்னால நீங்க ரெண்டு பேரும் மூணு ரவுண்டு, முழு பலத்தோட. பழைய பதிவைவிடப் புதுப் பதிவுக்குத்தான் எடைநீக்கி மதிப்பு கொடுக்கும்."

"முழு பலத்தோட நான் அவள அடிக்கணும்."

"நீங்க சொல்றது உண்மைன்னா அடிச்சுக் காட்டுங்க" என்றார், மிகவும் மரியாதையாக.

அஞ்சுகத்திடம் சொல்வதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கூடத்தில் எல்லோரும் போன பிறகு அவளையும் ஹனீபா பாயையும் உட்கார வைத்துச் சொன்னேன். முழங்கையைப் பற்றிச் சொன்னேன், தலையாட்டியதைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் மாறியதைப் பார்க்க முடியாமல் பேச்சை வேகமாக முடித்தேன்.

"ஆறு வருஷமா என்னை வெச்சு வெளையாடிக்கினு இருந்தியாக்கா?" என்றாள்.

"வெளையாட்டு இல்ல அஞ்சு. எல்லாரும் அப்டித்தான் போடுவாங்க. பாயைக் கேளு."

"நான் ஜெயிச்சேன்னு தெனம் எங்கம்மாகிட்ட போய் சொல்லுவேன். எப்சிக்காவயே ரெண்டு ரவுண்டு பின்னாடி தள்ளிட்டேன்னு சொல்லுவேன். எல்லாம் நீ போட்ட பிச்சையா?" அவள் எழுந்து என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். நான் அசையவில்லை. அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தை மூட்டியது. "நீ மட்டுந்தான் அடக்குனியா? பெரிய புண்ணியவதி! ஒன் இடது கண்ணுல ஆபரேஷன் பண்ணாங்களே, அப்பறமா அந்தப் பக்கம் நான் ஒரு குத்து போட்ருக்கனா? கேட்டுப் பாரு இந்த மனுஷன. ஒரு குத்து?"

நான் ஹனீபா பாயைப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை என்று அவர் கையை ஆட்டினார்.

நாலு வருடம் முன்பு என் இடது கண்ணில் விழித்திரை கிழிந்து ஒட்டவைத்தார்கள். அந்தப் பக்கம் ஒரு குத்தும் விழாததைப் பார்த்து என் இடது பக்கத் தற்காப்பு பிரமாதம் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவளை ஏமாளி என்று நினைத்த நான் எத்தனை பெரிய ஏமாளி என்று அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் சிரிக்கவில்லை.

"நான் ஒங்கூட மறுபதிவுக்கு ஏற மாட்டேன்" என்றாள். "நான் மொத எடத்துல கீறேன். போய் அவகூட நிப்பேன். செத்தா சாவறேன். எங்கம்மாக்கு வேலயாவது குடுப்பாங்க."

ஹனீபா பாய் அப்போதுதான் வாயைத் திறந்தார். "பிலிப்பைன்ஸ் பொண்ணோட அம்மாக்கு இன்னா குட்த்தாங்க, தெரியுமா? டிவில வந்து ஒரு சால்வ. நீ ஏறு. நான் சொல்றேன், ஏறு. இல்லாங்காட்டி இன்னியோட இந்தக் கூடத்துக்கு நானே பூட்டு போட்டுட்டுப் போறேன்."

அவர் அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை. அஞ்சுகம் சுவரைப் பார்த்து நின்றாள். போகும்போது என்னிடம், "நான் எறங்கிட்டா அவகூட யாரு நிப்பா?" என்று கேட்டாள். "எவளோ ஒருத்தி. அவ எடைக்குத் தக்கவ" என்று சொன்னேன். நிஜமாகவே அவ்வளவுதான் யோசித்திருந்தேன். என்னைப் போலக் கோபத்தில் இருக்கிறவளுக்குக் கணக்கு வராது.

மறுபதிவுக்கு வாரியத்திலிருந்து விஸ்வஜித் நாலு ஆட்களோடு வந்தார். எர்ணாவூரே வந்து கூடத்தின் ஜன்னலில் தொங்கியது. பேனரை இன்னும் அவிழ்க்கவில்லை. அதில் அஞ்சுகம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தாள்; ரிங்கில் அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

முதல் ரவுண்டில் என்னால் முடியவில்லை. அடிக்க வேண்டும் என்றுதான் கையை விடுகிறேன், கடைசி நொடியில் முழங்கை தானாகவே பிடித்துக்கொள்கிறது. ஆறு வருடப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? அஞ்சுகம் விட்டு விளாசினாள். விலாவில், வயிற்றில், வலது கன்னத்தில். மணி அடித்ததும் ஹனீபா பாய் என் பல்காப்பைப் பிடுங்கி எடுத்து, "அடக்காதம்மா. இன்னிக்கி நீ அடக்குனன்னா அந்த ஐகெரிம் ஊர்லேர்ந்து இவளப் பொட்டலமா கட்டித்தான் அனுப்புவாங்க" என்றார்.

இரண்டாவது ரவுண்டில் அஞ்சுகம் நெருங்கி வந்தபோது என் இடது கையை அவள் வலது விலாவுக்குக் கீழே விட்டேன். முழங்கை பிடிக்கவில்லை. அவள் உடம்பு மடங்கியது என் கையிலேயே தெரிந்தது. நடுவர் எட்டு எண்ணும்போது எழுந்தாள். எழுந்திருக்காதே என்று எனக்குள் நானே கெஞ்சினேன், அவளா கேட்பாள்? திரும்பவும் வந்தாள். மூக்கில் போட்டேன். ரத்தம் வந்தது. எனக்கு அப்போது யாரைக் கொல்லத் தோன்றியது தெரியுமா? நாற்காலியில் கால்மேல் கால் போட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த விஸ்வஜித்தை. ரிங்கில் நடப்பதை அவர் பார்க்கவே இல்லை. திரையில் ஓடிய எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ரவுண்டில் நான் களைத்துவிட்டேன். மனசு விட்டுப்போனால் உடம்பு சீக்கிரம் களைக்கும். என் வலது கை முன்பே தாழ்ந்திருந்தது, இடது கையும் தாழ்ந்தது. இடது பக்க முகம் கதவைத் திறந்து வைத்தது போலக் கிடந்தது. அஞ்சுகம் அதைப் பார்த்தாள். அவள் வலது கை நேராக என் இடது கண்ணை நோக்கிக் கிளம்பியதை நான் பார்த்தேன். அது வந்து விழுந்திருந்தால் சண்டை அங்கேயே முடிந்திருக்கும். அவள் முதலிடத்திலேயே இருந்திருப்பாள், வேலை கையில் இருந்திருக்கும், என் கண் போயிருக்கும். கை பாதி வழியில் திரும்பியது. என் நெற்றியில் வந்து சும்மா உரசிவிட்டுப் போனது. அந்தக் குத்து எந்தப் பதிவிலும் இல்லை. நான் மட்டும்தான் சாட்சி. அடுத்த நொடியில் நான் போட்ட குத்தில் அவள் விழுந்தாள், நடுவர் கையைக் குறுக்கே ஆட்டி நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலையில் டீக்கடைக்கு நான் போகவில்லை. டீக்கடைக்காரரே ஓடி வந்தார். அவர் கையைக் குலுக்கவில்லை. வாசலில் நின்று, "அம்மா, நீ பாத்தியா?" என்றார். அஞ்சுகம் இருநூறுக்கும் கீழே போயிருந்தாள். முதல் வரியில் என் பெயர் இருந்தது.

விஸ்வஜித் போனில் விளக்கினார். உலக முதலிடத்தை மூன்று ரவுண்டில் வீழ்த்தியவள் முதலிடம் என்பது எளிய தர்க்கமாம். அதோடு நாலு வருடமாக இடது பக்கத்தில் ஒரு குத்தும் வாங்காத தற்காப்பு உலகத்தில் வேறு யாருக்கும் கிடையாதாம். "மனமார்ந்த வாழ்த்துகள் மேடம். அஞ்சுகத்தோட மெய்ப்போட்டி பாக்கி இருந்ததால அது அப்படியே உங்களுக்கு வருது, ஐகெரிமோட. தேதி மாறல" என்றார். "அந்தப் பக்கம் எனக்குக் கண்ணே சரியில்ல சார், ஆஸ்பத்திரி பேப்பர் கீது" என்றேன். "எடைநீக்கி உடல் குறைகளையும் நீக்கிட்டுத்தான் கணக்குப் போடும், கவலைப்படாதீங்க" என்றார். இந்த ஆள் தினமும் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்று நிம்மதியாகத் தூங்குகிறார் என்பதை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

ஐகெரிம் ஒரு பேட்டியில் சொன்னதைத் திரையில் காட்டினார்கள். அந்தப் பிலிப்பைன்ஸ் பெண் விழுந்த சத்தம் இன்னும் தன் காதில் இருக்கிறது, ஆனால் தன் கூடத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆகவே அடிக்கத்தான் வேண்டும் என்றாள். அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் கூடத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஆனால் எங்கள் கூடம் முன்பு போல இல்லை. மறுபதிவின் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. அடக்கிப் போட்டால் எண் இறங்கும், பாராட்டினால் எண் இறங்கும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ரிங்கில் இப்போது யாரும் தலையாட்டுவதில்லை. பெரியவர்கள் சின்னவர்களை நிஜமாகவே அடிக்கிறார்கள். ஒரு வாரத்தில் இரண்டு பேருக்குத் தாடை போயிற்று. புதிதாக வந்த பிள்ளைகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஹனீபா பாய் கத்திப் பார்த்தார், யாரும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எல்லோருக்கும் வேலை வேண்டும்.

அஞ்சுகம் நாலு நாள் கூடத்துப் பக்கம் வரவில்லை. ஐந்தாவது நாள் மதியம், யாரும் இல்லாத நேரத்தில், மூக்கில் பிளாஸ்திரியோடு வந்தாள். அலமாரியைத் திறந்து, உணரி வருவதற்கு முந்தைய காலத்துப் பழைய தோல் க்ளவுஸை எடுத்துக் கையில் மாட்டினாள். எனக்கும் ஒரு ஜோடியைத் தூக்கிப் போட்டாள். நாங்கள் பல்காப்பு வைத்துக்கொள்ளவில்லை. பேச வேண்டியிருந்தது.

"அந்தப் பொம்பள மொத குத்து எங்க போடுவா, தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"ஒனக்கு அந்தப் பக்கம் தடுக்கவே தெரியாது. நாலு வருஷமா யாருமே அங்க போட்டதில்ல. நான் ஒன்னக் கெடுத்து வெச்சிட்டேன்."

"அதுக்குத்தான் சொல்றேன். எடது கண்ணுலயே போடு" என்றேன். "நான் தடுக்கக் கத்துக்கணும். தேதிக்கு நாள் இல்ல."

அவள் போட்டாள். நான் கையைத் தூக்கத் தாமதித்தேன். ஆனால் குத்து வந்து சேரவே இல்லை. ஒரு விரற்கடை முன்னால் நின்றிருந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

"அடக்காத" என்றேன்.

"முடியலக்கா."

"அடக்காதடி! அவ அடக்குவாளா? அங்க வந்து எனக்குப் பதிலா நீ நிப்பியா? போடு!"

அவள் அழுதாள். அழுதுகொண்டே வாரியத்தைத் திட்டினாள், அந்தப் பொறியைத் திட்டினாள், அதைக் கட்டினவனின் ஏழு தலைமுறையைத் திட்டினாள், என்னையும் சேர்த்துத் திட்டினாள். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் தீர்ந்த பிறகும் அவளிடம் இருந்தன. பிறகு தோளைத் தாழ்த்தி, காலை ஊன்றி, நான் ஆறு வருடமாகப் பார்த்துப் பார்த்து மெச்சிய அந்த வலது கையை நேராக விட்டாள்.

கை தூக்க எனக்கு நேரம் போதவில்லை. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ சிதறியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அஞ்சுகம் இரண்டு க்ளவுஸாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். எனக்கு அவள் பாதிதான் தெரிந்தாள்.

"இன்னொண்ணு" என்றேன்.